பேய் பேசி முடித்ததும் சிரிக்க வேண்டும்

பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பு.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பு. முதல் மாடியில் இடது பக்க வீடு. கதவு பாதி திறந்திருந்தது. சாரல் படாதபடி செருப்பை நிலைப்படிக்கு உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். பழுப்பு நிறம். குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. அறுந்த வார் ஒன்று கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. சேறு இல்லை, தூசியும் இல்லை. யாரோ அன்றன்றைக்குத் துடைக்கிறார்கள்.

குடையை மடக்கும்போது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“யாரது? மழையிலே நனையாதீங்க. உள்ளே வாங்க.”

அது ஆரோக்கியமேரியின் குரல். மேரி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்.

மாடிப்படியில் ஒரு பெண் ஈரத்துணி வாளியோடு நின்றிருந்தார். எதிர் வீட்டுக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உள்ள போறீங்களா?”

“ஆமாம். சவரிமுத்து சார் வரச் சொன்னார்.”

“தினமும் இந்நேரத்துக்கு அந்த அக்கா கூப்புடுது. படம்தான், தெரியும். ஆனா போன வாரம் கூரியர்காரன் சரிங்கன்னு சொல்லி செருப்பக் கழட்டிட்டு உள்ளயே போய்ட்டான்.” அவர் சிரிக்கவில்லை. “எங்க வீட்டுப் புள்ளைங்க இந்தப் பக்கம் வெளையாட வர்றதில்ல.”

உள்ளே விளக்குப் போடவில்லை. தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளையில் ஒரு காகிதக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் நிழல். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் மேரியின் கணவர் சவரிமுத்து. பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அவர் ரிமோட்டை அழுத்தினார். நிழல் அசையாமல் நின்றது.

“வாங்க மேடம்,” என்றார். “அவ கூப்பிட்டது கேட்டுச்சா?”

மீசை வைத்த சாமுராய்

நெடுங்காலம் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் உதவி ஆசிரியராக இருந்தேன். தலைப்புக்கு எழுத்து எண்ணுவது என் வேலையில் பாதி. பதினெட்டு எழுத்துக்கு இடமென்றால் பதினெட்டுதான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முகப்பேர் வீட்டில் உட்கார்ந்தபோது, இந்தப் பழக்கம் இனி எதற்கும் உதவாது என்று நினைத்தேன்.

உதவியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனம், பழைய ஜப்பானியப் படங்கள் எட்டை வீட்டில் பார்ப்பதற்காகத் தமிழில் வெளியிடும் உரிமையை வாங்கியிருந்தது. ஐந்து சாமுராய் படங்கள், மூன்று பேய்ப் படங்கள். வசனம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே எழுத்துக்குப் பதிலாக வினாடி. உதடு இரண்டு வினாடி அசைந்தால் வசனமும் இரண்டு வினாடி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே வினாடியைக் குறிக்க ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன்.

முதல் படங்கள் டிவிடி வட்டுகளாக வந்தன. கரையான்சாவடியில் ஒரு கடையில் அவற்றை பக்திப் படங்களுக்கும் குழந்தைப் பாட்டுகளுக்கும் நடுவே அடுக்கியிருந்தார்கள். அட்டைப்படத்தில் சாமுராய்க்குப் பெரிய மீசை வரைந்திருந்தது. படத்தில் அந்த மனிதருக்கு மீசை கிடையாது. அட்டை வரைந்தவரைக் கேட்டேன். “மீசை இல்லாதவன் கத்தி புடிச்சா யாரு மேடம் நம்புவா?” என்றார்.

மீசை இருந்தும் வட்டுகள் அதிகம் போகவில்லை. மீதிப் படங்கள் கைபேசிச் செயலிக்குப் போயின.

அந்தப் படங்களை மிகக் கவனமாகப் பார்த்த மனிதர் சவரிமுத்துதான். தொழிற்சாலையில் அவர் வேலை வெட்டுக்கருவிகளைச் சாணை பிடிப்பது. சாமுராய் மழையில் உட்கார்ந்து வாளைத் தீட்டும் காட்சியை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தாராம்.

“இப்படிப் புடிச்சா வெரலு போயிரும்,” என்று என்னிடம் சொன்னார். “ஆனா கல்லு நல்ல கல்லு.”

மெத்தைக் கடைக்கு மேலே

குரல் பதிவு நடந்தது கரையான்சாவடி மெயின் ரோட்டில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்த அறையில். சுவரெல்லாம் மெத்தைப் பஞ்சு. கதவைச் சாத்தினால் பேருந்துச் சத்தம் போய்விடும். பிறகு கேட்பது அவரவர் மூச்சு மட்டும்.

அறைக்குச் சொந்தக்காரர் தனசேகர். அந்த வட்டாரத்துக்காரர். திருமணங்களுக்கு மைக் வைத்துக்கொண்டிருந்தவர். ஆவடியில் ஒரு கல்யாணப் பூசைக்கு மைக் வைக்கப் போன இடத்தில் ஒரு பெண் வேதாகம வாசகம் வாசித்ததைக் கேட்டிருக்கிறார். அன்று மாலை என்னிடம் வந்து சொன்னார்: “மேடம், பேய் கெட்ச்சிடுச்சு. கோயில்ல கீது.”

அவர்தான் ஆரோக்கியமேரி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கிய, பருத்த, வியர்க்கும் பெண். வெள்ளைத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மைக் முன்னால் நிற்பார். வாயைத் திறந்தால் குரலில் வயது இருக்காது, எடை இருக்காது. மூன்று படங்களிலும் பேய் அவர்தான்.

ஜப்பானியப் பேய்க்குக் கால் கிடையாது. நம் ஊர்ப் பேய்க்கும் கால் தரையில் பாவாது என்பார்கள். மேரிக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது அவர் முதலில் சொன்னது இது: “ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி பயந்திருக்காங்க பாருங்களேன்.”

மூன்றாவது பேய்ப் படம்தான் சவரிமுத்து தினமும் பார்ப்பது. மழைக்கு ஒதுங்கும் ஒரு சாமுராய். பாழடைந்த, காகிதம் செய்பவரின் வீடு. கதவுக்குப் பின்னால் ஒரு பெண் இரவெல்லாம் அவனோடு பேசுகிறாள். விளக்கை அணைக்க வேண்டாம் என்கிறாள். விடியும்போது விடைபெறுகிறாள். அவன் கதவைத் திறக்கிறான். யாரும் இல்லை. உலரப்போட்ட காகிதத்தில் ஓர் ஈரக் கைத்தடம்.

விடைபெறும் வரிக்கு நான் எழுதியது ‘நான் போகிறேன்’. மூலத்தில் அப்படித்தான். மேரி மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தார், மூடினார்.

“அக்கா, இத மாத்தணும்.”

“ஏன்? அவள் ஒரேயடியாகப் போகிறாள், மேரி. திரும்பி வரமாட்டாள். அதுதான் கதை.”

“இருக்கட்டும். வாசல்ல நின்னுக்கிட்டு யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? பேயானாலும் வீட்டுப் பொம்பளல்லா.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தனசேகர் சொன்னார்: “அவங்க சொல்றதுதான் மேடம் கரீட்டு. போறேன்னு எந்த ஊட்ல சொல்வாங்க? எனக்கே ஒரு மாதிரி கீது.”

நிழல்தான் தெரிகிறது, உதடு தெரியாது. வினாடி இடித்தாலும் பாதகமில்லை. விட்டுக்கொடுத்தேன். தமிழில் அந்தப் பேய் கடைசியாகச் சொல்வது: ‘போயிட்டு வர்றேன்.’

எழுதும்போது எனக்கு அது ஒரு சின்னத் தவறாகத்தான் பட்டது.

சிரிப்பு டேக்

சினிமா எடுக்கும் இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம்பிடிப்பார்கள். அது படத்தில் வராது. நடித்த சாவு நிஜமாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது.

தனசேகர் அதைக் குரலுக்கும் கொண்டுவந்துவிட்டார். செத்தவருக்கோ பேய்க்கோ குரல் கொடுத்தவர், கடைசி வரி முடிந்ததும் மைக்கில் சிரிக்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சிரிப்பு டேக்’. படம் வெளியான பிறகு அதை அழித்துவிடுவார். வேலை முடிந்த சிரிப்பை வைத்திருக்கக் கூடாதாம்.

முதல் படத்தில் மேரி மறுத்தார். “எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா முழங்கால் போட வெச்சிருவாரு தம்பி.”

“சாமியாராண்ட நான் பேசிக்கிறேன். சிரிச்சிட்டுக் கெளம்புங்க. இது பேய் பேசின ரூமு.”

“சும்மா சிரின்னா என்னத்த நெனச்சுச் சிரிக்க?”

“உங்க ஊட்டுக்காரர நெனச்சுக்கோங்க.”

மேரியின் தோள்கள்தான் முதலில் குலுங்கின. சத்தம் பிறகுதான் வந்தது. முடியும் இடத்தில் மூச்சை உள்ளே இழுத்து, ஒரு விக்கல். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் படத்துக்கான மூன்று வார வேலையில் அந்த அறையில் கேட்ட நிஜமான சத்தம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது படத்துக்கும் அப்படியே சிரித்தார். அப்போதும் கணவரை நினைத்துத்தான்.

மூன்றாவது படம் முடிந்தது கோடையில். ‘போயிட்டு வர்றேன்’ என்று அவர் சொல்லி முடித்த சில நொடியில் மின்சாரம் போய்விட்டது. பஞ்சுச் சுவர் அறை சட்டென்று சூடேறியது. பேட்டரியில் கணினி கொஞ்ச நேரம்தான் தாங்கும். தனசேகர் பதிவைச் சேமித்து அணைத்தார். சிறிது நேரம் மூவரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். மேரி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். ஒரு வார் அறுந்திருந்தது.

“அவரு ஷிப்ட் முடிஞ்சு வந்துருவாரு. நாளைக்கு வந்து சிரிக்கேன் தம்பி.”

மறுநாள் அவர் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஊரில் ஏதோ திருமணம். பிறகு நாங்களும் அதற்காக அவரைக் கூப்பிடவில்லை.

ஆனால் பதிவு நடந்த அன்றே, மேரி கிளம்பிய பிறகு, மின்சாரம் திரும்பியது. தனசேகர் கதவைப் பூட்ட மறுத்தார்.

“சிரிப்பு இல்லாம இந்த ரூம நான் மூட மாட்டேன் மேடம். நீங்க சிரிச்சிட்டுப் போங்க.”

“நான் பேய்க்குக் குரல் கொடுக்கவில்லையே.”

“பேய் பேசினத எழுதுனது யாரு? பொம்பள பேய்க்கு பொம்பளதான் சிரிக்கணும். நான் சிரிச்சா நல்லாவா இருக்கும்?”

மைக் முன்னால் நின்றேன். திரையில் வினாடி எண் ஓடியது. சிரித்தேன். யாரையும் நினைத்துச் சிரிக்கவில்லை. அச்சிட்ட சிரிப்பு மாதிரி இருந்திருக்கும். தனசேகர் “போதும்” என்று கையைக் காட்டி நிறுத்தினார். பழக்கதோஷத்தில் எத்தனை வினாடி என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு காலை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மேரி உட்கார்ந்தவாறே சாய்ந்துவிட்டார். இதயம். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்தது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது தனசேகர் வண்டியை ஓரம் கட்டினார்.

“அவங்க சிரிக்க வேண்டியத நீங்க சிரிச்சிட்டீங்க மேடம்,” என்றார். பிறகு, “நான்தான் சிரிக்க வெச்சேன்,” என்றார்.

இரண்டு தம்ளர் டீ

இங்கே ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். செய்தி மேசையில் எனக்கு வாய்த்த முதல் பெரிய தவறு ஓர் இரங்கல் விளம்பரத்தில். இறந்தவர் படத்துக்குப் பதிலாக, உயிரோடிருக்கும் அவருடைய தம்பியின் படம் அச்சாகிவிட்டது. இரண்டு படமும் ஒரே உறையில் வந்திருந்தன. எடுத்துக் கொடுத்தவள் நான்.

மறுநாள் தம்பி அலுவலகத்துக்கே வந்தார். சண்டைக்கு என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்தார். இரண்டு தம்ளர் டீ குடித்தார். பேப்பரில் இன்னொரு பிரதி கேட்டார்.

“காலையிலேர்ந்து என்னப் பாக்கறவங்க எல்லாம் தொட்டுப் பாக்கறாங்கம்மா,” என்றார். “நானும் ரெண்டு தரம் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.”

அன்றிலிருந்து, ஒருவருக்கு உரியதை இன்னொருவர் பெயரில் போகவிடுவதில்லை என்பது எனக்கு ஒரு விதியாகிவிட்டது. சவரிமுத்து கேட்டது அந்த விதிக்கு எதிரானது. அவருக்கு அது தெரியாது.

அவர் கேட்டது

அன்று ஆவடியில் அவர் எனக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். மழை விடவில்லை. திரையில் நிழல் நின்றபடியே இருந்தது. மேசை மேல் மேரியின் படம், பாதி எரிந்த மெழுகுவர்த்தி. கல்லறைத் திருநாளுக்கு வாங்கியதில் மிஞ்சியது.

“நான் ஓய்வு வாங்கியாச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும். ஊருக்குப் போறேன்,” என்றார். “ஒண்ணு மட்டும் வேணும் மேடம்.”

கல்யாண வீடியோவில் பேண்டு வாத்தியம்தான் கேட்கிறது. மேரிக்குக் கைபேசியில் பேசுவது பிடிக்காது. அவர் அனுப்பிய ஒன்றிரண்டு குரல் செய்திகளும் தண்ணீரில் விழுந்த கைபேசியோடு போய்விட்டன. மேரியின் குரலாகச் சவரிமுத்துவிடம் இருப்பது பேய்ப் படங்கள் மட்டும்.

“மூணுலயும் செத்தவளாத்தான் பேசுதா. தினமும் கேக்கேன். ‘வாங்க’ங்கா. ‘வெளக்க அணைக்காதீங்க’ங்கா. ‘போயிட்டு வர்றேன்’ங்கா. அதக் கேட்டுட்டு நான் இந்தக் கதவத் தொறந்தே போட்டு உக்காந்திருக்கேன். இது நல்லதுக்கில்ல, எனக்கே தெரியுது.” அவர் காலியான நாற்காலியைப் பார்த்தார். “படம் முடிஞ்சதும் சிரிக்கச் சொல்லுவாங்கன்னு சொல்லிருக்கா. அந்தச் சிரிப்பு இருக்குமா? உயிரோட இருக்கறவளாட்டம் ஒரே ஒரு சத்தம் போதும். அத எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிருவேன். இந்தப் படத்தப் பாக்க மாட்டேன்.”

இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கிளம்பும்போது செருப்பைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. நானும் அவரிடம் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லித்தான் விடைபெற்றேன் என்பது படியிறங்கிய பிறகுதான் காதில் விழுந்தது.

தனசேகரை அழைத்தேன். முதல் இரண்டு சிரிப்பையும் வழக்கப்படி அழித்துவிட்டதாகச் சொன்னார். மேரி இறந்த பிறகு மூன்றாவது படத்தின் பதிவை மட்டும் திறக்கவே இல்லை. திறக்கப் பயம்.

“அதுல இருக்கறது நீங்க சிரிச்சது மேடம்.”

“தெரியும்.”

“குடுத்துடலாமா?”

“வேறொருத்தியின் சிரிப்பைக் கொண்டுபோய் ஊரில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாரா?”

“கேக்கறது ஒரே ஒரு சிரிப்பு மேடம். அந்த மனுசன் இன்னா, லேபுல குடுத்தா செக் பண்ணப் போறாரு?”

“நேரில் சொல்லிவிடுகிறேன். அவரை வரச் சொல்லுங்கள்.”

பச்சைக் கோடு

மறுநாள் காலை பத்தரை மணி. மெத்தைக் கடையில் அப்போதுதான் ஷட்டர் தூக்கினார்கள். சவரிமுத்து சலவைச் சட்டை போட்டு, முடியை நன்றாக வாரி வந்திருந்தார். தேவாலயத்துக்கு வருகிறவர் மாதிரி. அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். மேரி நிற்கும் இடம் எது என்று கேட்டார். தனசேகர் மைக்கைக் காட்டினார். அவர் அதன் பக்கத்தில் போய் நின்றார்.

சொல்ல வேண்டியதை வரும் வழியிலேயே எழுதி வைத்திருந்தேன், தலைப்பு மாதிரி. ‘அது நான் சிரித்தது, சார். மேரி அன்று சிரிக்கவில்லை.’ இரண்டே வாக்கியம்.

“சார்,” என்றேன்.

அவர் அதற்குள் ஹெட்போனை மாட்டிவிட்டார். காது முழுக்க மூடிவிட்டது. தனசேகர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. தனசேகர் பதிவை ஓடவிட்டார்.

சத்தம் அவருக்கு மட்டும்தான். எங்களுக்குத் திரையில் ஒரு பச்சைக் கோடு, ஓரத்தில் ஓடும் வினாடி எண். கோடு மேலெழுந்தது, தாழ்ந்தது. கிட்டத்தட்ட சமமாகியது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது. முதலில் மிகச் சிறிதாக, பிறகு பெரிதாக. கடைசியில் ஒரே ஒரு கூரான முள். எண் பதினொன்றில் நின்றது.

தனசேகர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சவரிமுத்து ஹெட்போனைக் கழற்றவில்லை. தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து அருகே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“யாரோ மாதிரித்தான் ஆரம்பிக்கா,” என்றார், காது மூடியிருந்ததால் உரக்க. “நான்கூட வேற யாரோன்னு பயந்துட்டேன். ஆனா கடைசியில விக்குதா பாருங்க. என்னைய நெனச்சுச் சிரிச்சா மட்டும்தான் அவளுக்கு அப்படி விக்கும்.”

மேரியை எதை நினைத்துச் சிரிக்கச் சொன்னோம் என்று நாங்கள் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

தனசேகர் அதைப் பென்டிரைவில் ஏற்றினார். சவரிமுத்து அதைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, “போயிட்டு வர்றேன்,” என்றார்.

அறையில் நாங்கள் இருவர்தான். மறுபடி போட்டுக் கேட்கவா என்று தனசேகர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வழக்கப்படி அவர் அதை அழித்தார்.

முகப்பேர் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். மூன்றாவது பேய்ப் படத்தின் கடைசிப் பக்கம். என் கையெழுத்தில், நீல மையில், ஒவ்வொரு வரிக்கும் எதிரே வினாடி.

கடைசி இரண்டு வரிகள் இவை:

‘போயிட்டு வர்றேன்’ – 2.

சிரிப்பு (நான்) – 4.